இரண்டு கடைகள்

நமது மன்றச் செயலாளர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, "இயற்பியல் மாணவி ஆயிற்றே, அணுவைப் பற்றியோ ஆகாயத்தைப் பற்றியோ எழுதுங்கள்" என்றார். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். எழுத உட்கார்ந்தால் அணு வரவில்லை. எங்கள் வீட்டு மளிகைக் கடைதான் வந்து நின்றது. அது வந்ததற்குக் காரணம் உண்டு. சென்ற மே மாத விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது, இரவு கல்லாவைப் பூட்டிவிட்டு அப்பா என்னிடம் கேட்டார்: "ஏத்தா, கடையை ஒருத்தர் கேக்குறாரு. குடுத்துறவா, நடத்தவா? நீதான் படிச்ச பிள்ளை, சொல்லு."

படித்த பிள்ளைக்குப் பதில் தெரியவில்லை. இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். அந்த இரண்டு நாள் நான் போட்ட கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். அணுவை விரும்பும் அன்பர்கள் அடுத்த பக்கத்துக்குச் செல்லலாம்.

ஆய்வுக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லித் தரும் முதற் பாடம் ஒன்று உண்டு. எதனால் எது நேர்ந்தது என்று அறிய வேண்டுமானால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மற்றவற்றை அப்படியே வைத்திரு. கடை விஷயத்தில் இது நடக்காது. மழையை நிறுத்தி வைத்துக்கொண்டு விலையை மட்டும் மாற்றிப் பார்க்க முடியாது. ஆனால் எனக்கு ஒரு வசதி இருந்தது. ஒரே குடும்பத்தில், ஒரே காலத்தில், ஒரே எல்லைக்கோட்டின் மீது நடந்த இரண்டு கடைகளை நான் சிறு வயது முதல் பார்த்திருக்கிறேன். ஒன்று என் அப்பாவுடையது. இடுக்கி மாவட்டத்து ஏலமலையில், போடிமெட்டிலிருந்து உள்ளே வரும் சாலையில் இருக்கிறது. மற்றொன்று என் தாய்மாமாவுடையது. பாலக்காட்டு மாவட்டம் வாளையாற்றில் இருந்தது. முன்னது இருக்கிறது, பின்னது இருந்தது என்று எழுதும்போதே பாதிக் கதை சொல்லியாகிவிட்டது.

எங்கள் ஊரை அறியாத நண்பர்களுக்கு ஒரு சொல். தேனி மாவட்டத்திலிருந்து ஏலமலைக்கு ஏறும் வழிகளில் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்னும் மூன்றும் முக்கியமானவை. போடிநாயக்கனூரிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அதைத் தாண்டினால் கேரளம். என் தாத்தா ஏலத்தோட்ட வேலைக்காக இந்த மலை ஏறியவர். 1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. தாத்தா இருந்த இடத்திலேயே இருந்தார். எல்லையும் இருந்த இடத்திலேயே நின்றது. எங்கள் கடைக்குச் சரக்கு ஒரு மாநிலத்திலிருந்தும், வாடிக்கை மற்றொரு மாநிலத்திலிருந்தும் வருகின்றன. கடைப் பலகை மலையாளத்திலும் தமிழிலும் இருக்கிறது. அப்பா கணக்கைத் தமிழில் எழுதுகிறார். அரசுக் கடிதம் மலையாளத்தில் வருகிறது. அதை அவருக்கு யாராவது படித்துச் சொல்ல வேண்டும்.

மாமா கடையை முதலில் சொல்கிறேன். கோவையிலிருந்து பாலக்காட்டுக்குப் போகும் நெடுஞ்சாலை, மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரிய கணவாய் வழியாகக் கேரளத்துக்குள் நுழையும் இடம் வாளையாறு. அங்கே வரிச் சோதனைச் சாவடி இருந்தது. சரக்கு லாரிகள் வரிசையாக நிற்கும், மணிக்கணக்கில் நிற்கும், சில நேரம் பொழுது விடிந்து பொழுது போகும்வரை நிற்கும். நின்ற ஓட்டுநர் என்ன செய்வார்? தேநீர் குடிப்பார், புரோட்டா தின்பார், பீடி வாங்குவார், குளிக்க ஒரு வாளித் தண்ணீர் கேட்பார். மாமா எல்லாவற்றையும் விற்றார், தண்ணீர் உட்பட. இராப் பகல் அடுப்பு அணையாது. எல்லாம் ரொக்கம், கடன் என்ற பேச்சே இல்லை. ஓட்டுநர் மறுபடி எப்போது வருவாரோ, யார் கண்டார்? மாமா சுத்தக்காரர், கைமணம் உள்ளவர், கணக்கில் புலி. விடுமுறைக்குப் போனால் எங்களுக்குப் புதுத் துணி எடுத்துத் தருவார். "உங்கப்பன் கடன் குடுத்தே கெட்டான், வியாபாரம்னா என்னைப் பாரு" என்பார். வீட்டில் எல்லோரும் அதை ஒப்புக்கொண்டோம், அம்மா உட்பட.

2017 ஜூலை முதல் நாள் சரக்கு சேவை வரி நாடெங்கும் வந்தது. மாநில எல்லைகளில் இருந்த வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன. நாட்டுக்கு அது நல்லதென்று சொன்னார்கள், லாரிக்காரர்களுக்கு நல்லதே. நின்ற வரிசை நகர்ந்தது. மாமா கடைக்கு முன்னால் வண்டிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. நிற்பதற்குக் காரணம் இல்லை. அதே கைமணம், அதே சுத்தம், அதே கணக்கு. அடுப்பு முதலில் இரவில் அணைந்தது, பிறகு பகலிலும் அணைந்தது. அடுத்த ஆண்டு மாமா கடையைப் பூட்டிவிட்டுக் கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டையில் காவல் வேலைக்குப் போனார்.

மாமாவின் கடை அடுத்தவர் காத்திருப்பில் வாழ்ந்தது என்பது எனக்கு வெகுநாள் கழித்தே விளங்கியது. இடம் நல்ல இடந்தான். ஆனால் அந்த இடத்தை நல்லதாக்கியது ஓர் அரசு விதி. விதி போனதும் இடமும் போயிற்று. இன்றைக்கும் பேருந்து நிலையம் மாறியதால் படுத்த கடைகளையும், புறவழிச்சாலை வந்ததால் மூடிய உணவு விடுதிகளையும் நீங்கள் உங்கள் ஊரில் பார்க்கலாம். அங்கெல்லாம் கடைக்காரர் சோம்பேறியாகிவிட்டார் என்று சொல்லிவிட முடியுமா?

இனி அப்பா கடை. அங்கே காத்திருப்பவர் அப்பா. தோட்ட வேலைக்காரர்கள் கூலி வரும் நாளில் கொடுப்பார்கள். ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிகள் காய் எடுத்து, ஸ்டோரில் உலர்த்தி, விற்றுப் பணம் வந்த பிறகு கொடுப்பார்கள். ஏலச்செடியில் ஒரே நாளில் அறுவடை முடிந்துவிடாது. ஒரு சுற்று எடுத்தால் அடுத்த சுற்றுக்கு ஒரு மாதத்துக்கு மேலாகும். ஆதலால் அப்பாவின் பற்று நோட்டில் எழுதிய பணம் திரும்பி வரச் சராசரியாக நாற்பது நாள் ஆகிறது. போடியில் உள்ள மொத்த வியாபாரியோ பதினைந்து நாள்தான் தவணை தருவார்.

சின்ன வகுப்பில் தொட்டிக் கணக்குப் போட்டிருப்பீர்கள். ஒரு குழாய் நிரப்பும், மற்றொரு குழாய் காலி செய்யும், தொட்டி எப்போது நிரம்பும் என்று கேட்பார்கள். எங்கள் கடை அந்தத் தொட்டிதான். நாளொன்றுக்கு 6,000 ரூபாய் விற்றால் அதில் பாதி கடன். 3,000 ரூபாய் வீதம் நாற்பது நாள் என்றால் 1,20,000 ரூபாய் ஊரில் நிற்கிறது. அலமாரியில் இருக்கும் சரக்கு ஓர் 80,000. ஆக இரண்டு லட்சம் முடங்குகிறது. நாளைக்கு 5,000 ரூபாய்க் கொள்முதல் வீதம் பதினைந்து நாள் தவணை என்றால் மொத்த வியாபாரி தாங்குவது 75,000. மிச்சம் 1,25,000 ரூபாயை அப்பா எங்கிருந்தாவது கொண்டுவந்து தொட்டியில் ஊற்ற வேண்டும். அதில் ஒரு லட்சத்தை நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்கியிருந்தார். மாதம் 3,000 ரூபாய் வட்டி. கடை ஞாயிற்றுக்கிழமை மூடும், வட்டி மூடாது.

நான் பன்னிரண்டாம் வகுப்புப் படித்த 2019ஆம் ஆண்டில் இந்தக் கணக்கை முதன்முதல் போட்டேன். அந்த ஆண்டு ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய்க்குப் போயிற்று. அதுவரை யாரும் கண்டிராத விலை. ஊரெல்லாம் அதே பேச்சு. "இவ்வளவு விலை விற்கும்போது எதற்கு அப்பா கடன்?" என்று சண்டை பிடித்தேன். ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் 'இன்று ரொக்கம், நாளை கடன்' என்று எழுதிக் கல்லாவுக்கு மேலே மாட்டினேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மகள் படித்தவள் அல்லவா?

மூன்று வாரம் அந்த அட்டை தொங்கியது. கடனுக்கு வாங்குபவர்கள் வரவில்லை; அது எதிர்பார்த்ததே. ஆனால் அவர்கள் ரொக்கத்துக்கும் வரவில்லை. பழைய பாக்கியை வைத்துக்கொண்டு கையில் பணத்துடன் கடைக்கு வரக் கூச்சப்பட்டார்கள். அரைக் கல் தள்ளியிருக்கும் கடைக்குப் போனார்கள். அதைவிடப் பெரிய அதிர்ச்சி, பழைய பாக்கியும் வரவில்லை. புதுக் கடன் கிடையாது என்று ஆன பிறகு பழைய கடனைக் கொடுக்க அவசரம் என்ன? தொட்டியின் காலி செய்யும் குழாயை அடைக்கிறேன் என்று நிரப்பும் குழாயையும் சேர்த்து அடைத்துவிட்டேன். ஒருநாள் பள்ளியிலிருந்து வந்து பார்த்தால் அட்டையைக் காணோம். அரிசி மூட்டைக்கு அடியில் ஈரம் ஏறாமல் இருக்க விரித்திருந்தார்கள்.

விலையைப் பற்றியும் நான் அறியாதது ஒன்று இருந்தது. விலை ஏன் ஏறியது? 2018 ஆகஸ்டுப் பெருவெள்ளத்திலும் மண்சரிவிலும் செடி போயிற்று. அதன்பின் வறட்சி வந்தது. காய் குறைந்ததால்தான் விலை ஏறிற்று. கிலோ 7,000 ரூபாய்தான். ஆனால் எங்கள் வாடிக்கைக்காரர் கையில் விற்க எத்தனை கிலோ இருந்தது? விலை இருந்தபோது காய் இல்லை. பிறகு செடி தழைத்துக் காய் பெருகியபோது விலை ஆயிரம் ரூபாயைச் சுற்றி வந்து நின்றது. செய்தித்தாளில் விலையைப் பார்த்து ஊரின் செழிப்பை அளந்தவர்கள் ஏமாந்தார்கள்.

அப்படி ஏமாந்த ஓர் அண்ணன் எங்கள் கடைக்கு எதிரிலேயே இருந்தார். 2019இல் கண்ணாடிக் கதவும் குளிர்பெட்டியும் வைத்து, கேக்கும் ஐஸ்கிரீமும் அடுக்கிப் புதுக் கடை திறந்தார். நல்ல பிள்ளை, சிரித்த முகம். எனக்கு எங்கள் கடையைப் பார்க்க வெட்கமாக இருந்தது. ஆனால் அவர் குளிர்பெட்டிக்குத் தவணை, கடைக்கு வாடகை, அதற்கு மேல் தண்டல்காரருக்குத் தினப்பணம். ஒரு நாள் விற்பனை குறைந்தாலும் அந்த மூன்றும் குறையா. 2021இல் மூடினார். குறிஞ்சி பூக்கும் என்று நம்பி மூணாறில் என் தோழியின் குடும்பம் கடன் வாங்கி அறைகள் கட்டியதும் இதே கதைதான். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, 2006க்குப் பிறகு 2018இல் பூத்தது. பூ தவறாமல் வந்தது. பார்க்க வருவோருக்குத்தான் வழி இல்லை. அந்த வெள்ளத்தில் சாலைகள் அறுந்தன. பெரியவரைப் பாலம் இடிந்தது. அடுத்த பூவுக்கு 2030 வரை அவர்கள் காத்திருக்கலாம்; வங்கி காத்திருக்குமா?

அப்பாவின் கடை மட்டும் எப்படி நின்றது என்று கேட்பீர்கள். அதற்கு இரண்டு மூன்று நிகழ்ச்சிகளைச் சொல்ல வேண்டும்.

2011 டிசம்பரில் முல்லைப்பெரியாற்றுத் தகராறு முற்றி எல்லையில் வண்டி ஓடவில்லை. எனக்கு ஒன்பது வயது. அப்பா பத்து நாள் போடிக்கு இறங்கவில்லை. கடையில் அரிசி தீர்ந்தது. பக்கத்தில் கடை வைத்திருந்த மலையாளி அண்ணன் ஒருவர் நெடுங்கண்டத்திலிருந்து தனக்கு எடுத்த சரக்கில் இரண்டு மூட்டையை எங்கள் திண்ணையில் இறக்கிவிட்டுப் போனார். பணம் பிறகு வாங்கிக்கொண்டார். அவர் ஏன் கொடுத்தார் என்று அப்பாவைக் கேட்டேன். "போன ஓணத்துக்கு அவருக்கு வெங்காயம் வரலைன்னு நான் குடுத்தேன்ல" என்றார். அவ்வளவுதான் விளக்கம்.

2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார்கள். கூலி ரொக்கமாக நடக்கும் மலையில் ரொக்கமே இல்லாமற் போயிற்று. பல வாரம் அப்பாவின் பற்று நோட்டுத்தான் எங்கள் பகுதியில் பணமாக நடமாடியது என்றால் மிகையில்லை. பிறகு பாக்கி வந்தது; அவர் போடி முதலாளிக்குச் சேர வேண்டியதைப் போய்க் கொடுத்தார். தாமதமாகக் கொடுத்தார், ஆனால் தாமதமாகும் என்று முன்கூட்டியே நேரில் போய்ச் சொல்லிவிட்டார்.

அந்தச் சொல்லுக்கு 2020 மார்ச்சில் பலன் கிடைத்தது. ஊரடங்கு வந்து, மெட்டுகள் அடைக்கப்பட்டன. தேனிப் பக்கத்திலிருந்து நாள்தோறும் ஜீப்பில் ஏறி வரும் தோட்டத் தொழிலாளர்கள் வரவில்லை. காய் செடியிலேயே நின்றது. சரக்கு வண்டிக்கு மட்டும் அனுமதி. அப்பாவுக்குப் போடியிலிருந்து தொலைபேசி வந்தது. "அண்ணே, வேண்டியதைச் சொல்லுங்க, ஏத்தி விடுறேன். பணத்தைப் பிறகு பாக்கலாம்." எதிர்க்கடை அண்ணனுக்கு அந்த அழைப்பு வரவில்லை, அவர் போடியை விட்டு எங்கு விலை குறைவோ அங்கு ரொக்கம் கொடுத்து வாங்கிப் பழகியவர். அது தவறா என்றால் தவறில்லை. எல்லா நாளும் நல்ல நாளாக இருந்தால் அதுவே சரி.

அரசு இலவசமாக மளிகைப் பை கொடுத்தது. மக்களுக்கு அது பெரிய உதவி. எங்கள் கடையில் பருப்பும் எண்ணெயும் விற்பது குறைந்தது. வெங்காயமும் சோப்பும் வெற்றிலையும் விற்றன. அப்பா அதற்கேற்ப வாங்கினார். யார் வீட்டில் எத்தனை பேர், யாருக்குப் பை வந்தது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். எந்தக் கணிப்பொறியிலும் இல்லாத புள்ளிவிவரம் அது.

ஆனால் அந்த ஆண்டுதான் நான் வெட்கப்படும் காரியமொன்றும் செய்தேன். கல்லூரியில் சேரப் பணம் போதவில்லை. நோட்டில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் பாக்கி நின்றது. அப்பாவுக்குத் தெரியாமல் நோட்டை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனேன். ஒரு பாட்டி பேரில் 2,300 ரூபாய் இருந்தது. கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்கப்பன் கேக்கலையே தாயி" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்ச் சுருக்குப்பையிலிருந்து 200 ரூபாய் எடுத்து வந்து என் கையில் வைத்தார். இரண்டும் நூறு ரூபாய் நோட்டுகள். நாலாய் மடித்து மடித்து ஓரம் கிழிந்திருந்தன. அடுத்த வீட்டுக்கு நான் போகவில்லை.

அப்பா அன்றுதான் என்னைக் கோபித்துக்கொண்டார். பரிவு, தருமம் என்றெல்லாம் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பேசியது வியாபாரம். "அந்தக் கிழவி மகன் போடியில லோடு ஏத்துறான். நம்ம மூட்டையை முதல் வண்டியில ஏத்துறான். தக்காளி நசுங்காம மேல வைக்கிறான். அதுக்கு மாசம் எவ்வளவு கூலி போடுவ, சொல்லு?" என்றார். என் கணக்கில் அதற்கென்று ஒரு கட்டமே இல்லை.

நம் மன்றத்தில் திருக்குறளைத் தொடாமல் ஒரு கட்டுரை முடிந்தால் குற்றமாகிவிடும். நானும் தொட்டுவிடுகிறேன். வள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்துதெளிதல் என்று நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருக்கிறார். 48 முதல் 51 வரை. அரசனுக்குச் சொன்னவைதான், ஆனால் கல்லாவில் உட்காருபவனுக்கும் பொருந்துகின்றன. வலி என்பது முதல். எதிர்க்கடை அண்ணன் தன் வலிக்கு மீறித் தூக்கினார். காலத்தை நம்பிய தோழி வீட்டார் அதன் மறுபக்கத்தை மறந்தார்கள். மாமாவுக்கு இடம் வாய்த்தது, நிலைக்கவில்லை. நான்காவதாக, யாரை நம்புவது என்று ஆராய்ந்து தெளிவது. அப்பா முதல் மூன்றிலும் சுமாரானவர், நான்காவதில் தேறியவர். கீழே நூறு வீட்டை அவர் நம்பினார். மேலே ஒரு வியாபாரி அவரை நம்பினார். பணம் வரத் தாமதமான ஒவ்வொரு முறையும் அந்த நம்பிக்கைதான் இடைவெளியை நிரப்பியது. சிறு கடை லாபத்தால் வளரலாம்; விழாமல் இருப்பது, பணம் வரும்வரை எத்தனை நாள் தாங்க முடியும் என்பதைப் பொறுத்தது. எனக்குப் பட்ட முடிவு இது.

இத்துடன் நிறுத்தினால் அப்பாவுக்கு மாலை போட்டுக் கட்டுரையை முடிக்கலாம். ஆனால் மே மாதம் அந்த இரண்டு நாளில் நான் மற்றொரு கணக்கும் போட்டேன். மாதம் 30,000 ரூபாய் மொத்த ஆதாயம். வாடகை, மின்சாரம், வண்டிக்கூலி, வராமற் போன கடன் என்று 12,000 போகும். வட்டி 3,000. மிஞ்சுவது 15,000. இதற்கு அப்பாவும் அம்மாவும் காலை ஐந்தரையிலிருந்து இரவு ஒன்பது வரை நிற்கிறார்கள். முப்பது நாளுக்கு வகுத்தால் ஆளுக்கு 250 ரூபாய். ஏலத்தோட்டத்தில் ஒருநாள் கூலி இதைவிட அதிகம்! கடை நிற்கிறது என்று பெருமையாக எழுதினேனே, எதன் மேல் நிற்கிறது? அம்மாவின் கால் மேல். அவருக்கு நரம்பு சுருண்டு காலில் நீலம் கட்டியிருக்கிறது. நோட்டில் அவர் பெயரில் ஒரு வரி கூட இல்லை.

இன்னொன்று. அந்த மூன்று ரூபாய் வட்டி பல ஆண்டு ஓடியது. சிறு வியாபாரிகளுக்கு ஈடு இல்லாமல் கடன் தரும் முத்ரா திட்டம் 2015 ஏப்ரலிலேயே வந்துவிட்டது. அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்து ஒரு வங்கிக்குப் போனபோது, மலையாளப் படிவத்தை நிரப்பத் தெரியாமல் நின்றார். "பிறகு வாருங்கள்" என்றார்கள். அவர் பிறகு போகவில்லை. கடைசியில் வழி கண்டது அம்மாதான். கேரளத்தில் 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீயின் அயல்கூட்டத்தில் அவர் உறுப்பினர். வாரந்தோறும் சிறுகச் சேமித்து, நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கடன் எடுத்து, பழைய கடனில் பாதியை அடைத்தார். மாதம் ஆயிரம் ரூபாய் மிச்சம். கடையில் யாரும் கூடுதலாக ஒரு சோப்புக் கூட விற்காமல் வந்த ஆதாயம் இது. மலையாளம் எழுதப் படிக்கத் தெரிந்ததால் அம்மாவுக்கு அது முடிந்தது. எல்லையில் வாழும் கடைக்காரனுக்கு மொழியும் ஒரு முதல் என்பதை நான் இப்படித்தான் கற்றேன்.

இரண்டாம் நாள் இரவு அப்பாவிடம் என் பதிலைச் சொன்னேன். "இப்ப குடுக்க வேண்டாம். ரெண்டு வருசம் நடத்துவோம். ஆனா மூணு காரியம் செய்யணும். ஒவ்வொரு வீட்டுக்கும் கடனுக்கு ஓர் அளவு. அதுக்கு மேல நோட்டுல ஏறக்கூடாது. மிச்சக் கடனுக்கு முத்ரா மனுவை நானே எழுதித் தாரேன். அம்மாவுக்கு மாசச் சம்பளம் நோட்டுல எழுதணும், எழுதி எடுத்து வைக்கணும். ரெண்டு வருசத்துல அந்தச் சம்பளம் கடையிலிருந்து வரலைன்னா கடையைக் குடுத்துறலாம். எனக்காகவோ தாத்தா பேருக்காகவோ வச்சிருக்க வேண்டாம்."

அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு பேனாவை எடுத்துப் புதுப் பக்கம் திருப்பி அம்மா பெயரை எழுதினார். எவ்வளவு என்று போடுமிடத்தில் பேனா நின்றது. "இவளுக்கு நான் இருபத்தஞ்சு வருசப் பாக்கிடா சாமி" என்றார். அம்மா உள்ளேயிருந்து, "முதல்ல இந்த மாசத்தை எழுதுங்க" என்றார். 3,000 ரூபாய் என்று எழுதினார். மிகக் குறைவு. ஆனாலும் எழுதினார்.

திரும்பி வரும்போது வாளையாற்று வழியாக வந்து மாமாவைப் பார்த்தேன். காவல் வேலையோடு நிற்காமல், இப்போது வீட்டில் சமைத்துக் கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கிறார். வடநாட்டுத் தொழிலாளர்களுக்காகச் சப்பாத்தி போடக் கற்றுக்கொண்டிருக்கிறார். பழைய வருமானத்தில் பாதிதான். "எத்தனை தொழிற்சாலை மாமா?" என்றேன். "நாலு கேட். ஒண்ணு மூடினாலும் மூணு இருக்கும்ல" என்று சிரித்தார். இடுப்பிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துக் காட்டினார். யார் யார் எத்தனை பொட்டலம் பாக்கி என்று எழுதியிருந்தது. கடன் கொடுத்துக் கெட்டவன் என்று அப்பாவைச் சொன்ன அதே மாமா! நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரே சற்று வெட்கப்பட்டார்.

நண்பர்களே, நம்மில் பலருடைய படிப்புச் செலவு இப்படி ஏதோ ஒரு கடையிலிருந்தோ தறியிலிருந்தோ வண்டியிலிருந்தோதான் வருகிறது. அடுத்த விடுமுறைக்குப் போகும்போது அந்தக் கணக்கு நோட்டை ஒருமுறை கேட்டு வாங்கிப் பாருங்கள். வட்டி எவ்வளவு, பணம் வர எத்தனை நாள் ஆகிறது, யாருடைய உழைப்பு எழுதப்படாமல் விட்டுப்போயிருக்கிறது என்று பாருங்கள். வங்கிப் படிவம் இருந்தால் உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்கள். என்னைப் போல அட்டை எழுதி மாட்டும் அவசரம் மட்டும் வேண்டாம்.

அந்தப் பாட்டியின் 200 ரூபாய் போகப் பாக்கி 2,100. அதை அவர் மகன் அடுத்த தை மாதம் கொண்டுவந்து கொடுத்தான் என்று அப்பா சொன்னார். அப்போது நான் ஊரில் இல்லை.